வால் மேலே, மூக்கு கீழே

என் வீட்டுக்காரர் எனக்கு வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் பேசுகிற பேச்சைக் கேட்டால், இவளுக்கு எங்கே புருஷன் மேல் ஆசை இருக்கப் போகிறது என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள். ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் எதிரே நிற்பது யாரென்று பார்க்கமாட்டேன். ஆனால் மூன்று வருடமாக, சாயங்காலம் வெளிக்கதவு சத்தம் கேட்டால் ஈரக்கையோடு போய் எட்டிப் பார்க்கிறவளும் நான்தான்.

துப்பாக்கி சுடுவதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கிற கிளப் ஒன்றில் ரிப்பேர் அறை என் பொறுப்பு. நீளமாக ஒரு மேசை. அதன் நடுவில் துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் ஸ்க்ரூடிரைவர்களும் ஸ்பானர்களும். ஜன்னலுக்கு வெளியே, குறிபார்த்துச் சுடுகிற நூறு மீட்டர் போர்டு தெரியும். அதற்கு அப்பால் புல், புல் முடிகிற இடத்தில் மண்மேடு, மண்மேட்டுக்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தூரப் போர்டு. மேசைக்கு இரண்டு பக்கமும், வருகிறவர்கள் உட்கார, ஒவ்வொரு ஸ்டூல். வலது பக்க ஸ்டூல் அவருடையது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் அதில்தான் உட்காருவார். "அண்ணன் துப்பாக்கிய ரிப்பேருக்குக் கொண்டு வந்தான். ரிப்பேர் முடிஞ்சும் எழுந்து போகல. வேற வழியில்லாம கல்யாணம் பண்ணி வெச்சோம்" என்று என் நாத்தனார் எல்லாரிடமும் சொல்வாள். அவளும் இதே கிளப்பில்தான் வேலை பார்க்கிறாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, குண்டு எங்கே பட்டது என்று சத்தமாகச் சொல்லும் வேலை. அந்த வாய்க்கு அதுதான் சரியான வேலை. கிளப்பில் அவளுக்கு ரேடியோ என்று பேர். அண்ணன் பேசவேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள் போலிருக்கிறது, அவர் சரியான கல்லுளிமங்கன்.

அவர் பாலம் கட்டுகிற கம்பெனியில் மட்டம் பார்க்கிறவர். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தூணின் உயரத்தை அளந்து சொல்வார். மூன்று வருடத்துக்கு முன் தூரத்தில் ஒரு பாலம் வந்தது. "நீ வரியா?" என்று கேட்டார். டீ குடிக்கிறாயா என்று கேட்கிற மாதிரி கேட்டார். "என் மேசைய யாரு பாக்கறது?" என்றேன். "சரி, நீ எப்பக் கூப்பிட்டாலும் வந்துடறேன்" என்றார்.

"கூப்பிட்டு வர்றதுக்கு நீங்க என்ன ப்ளம்பரா? வரணும்னு தோணினா வாங்க" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. கூப்பிட்டால் வருவேன் என்று அவர் அங்கே. தோன்றினால் வரட்டும் என்று நான் இங்கே. தினமும் சாயங்காலம் போனில் ஒரு வரி வரும்: "சாப்டாச்சா?" நான் "ஆச்சு" என்று அனுப்புவேன். மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அது. மிச்சமெல்லாம் ரேடியோ வழியாக வந்து சேர்ந்தது.

அவர் போன பிறகு ஆளாளுக்கு அந்த ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒரு வக்கீல் அதில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே தன் துப்பாக்கியின் வரலாற்றைச் சொன்னார். எழுந்திரிங்க சார் என்று எழுப்பிவிட்டேன். மறுநாள் எண்ணெய் டப்பா, துடைக்கிற துணி, ஸ்க்ரூ பெட்டிகள் எல்லாவற்றையும் அதன் மேல் இடுப்பு உயரத்துக்கு அடுக்கினேன். வைக்க வேறு இடமில்லை என்று சொன்னேன். இடம் எவ்வளவோ இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரேடியோ ஓடி வந்தாள்.

"அண்ணி! தலையச் சீவிக்கோங்க!"

"எதுக்குடி?"

"உங்க கல்லுளிமங்கன் கேட்டுகிட்ட கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. கையில துப்பாக்கிப் பெட்டி!"

தலை சீவவில்லை. கறை படிந்த ஏப்ரனை மட்டும் கழற்றினேன். பிறகு, அவருக்காகக் கழற்றினேன் என்று தெரிந்துவிடுமே என்று திரும்ப மாட்டிக்கொண்டேன். அவர் உள்ளே வரும்போது முதுகுக்குப் பின்னால் நாடா முடிந்துகொண்டிருந்தேன்.

இளைத்திருந்தார். கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. காதோரம் நரை. யார் பார்த்துக்கொண்டார்கள் இவரை?

"நல்லாருக்கியா?" என்றார்.

"என்ன ரிப்பேரு?" என்றேன்.

பெட்டியை மேசைமேல் வைத்தார். "மேல் குமிழ் முட்டுது. தூரப் போர்டுக்கு ஏத்த முடியல. குண்டு காலடியிலயே விழுது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குண்டு நேர்கோட்டில் போகாது, போகப் போகத் தாழும். அதனால் தூரத்தில் இருப்பதைச் சுடும்போது குழலைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஸ்கோப்பில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் உள்ளே தெரியும் சிலுவைக்கோடு நகரும். எவ்வளவு தூரமோ அவ்வளவு திருக வேண்டும். ஆனால் குமிழுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் டக்கென்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குமேல் குமிழை நம்பிப் பயனில்லை, ஸ்கோப்பையே கொஞ்சம் சாய்த்து உட்காரவைக்க வேண்டும்.

"அங்க இதப் பாக்க ஆளே இல்லையா?"

"இருக்காங்க. ரெண்டு பேரு."

"அப்புறம்?"

"ம்" என்றார். இது ஒரு பதிலா? இவருக்குப் பதில்தான்.

உட்காரத் தன் ஸ்டூலைத் தேடினார். பெட்டிக் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நிறைய சரக்குபோல."

"ஆமா."

சுற்றிக்கொண்டு போய் இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்தார்.

என் வைஸில் துப்பாக்கி எப்போதும் குழல் இடது பக்கம் பார்த்துத்தான் நிற்கும். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் காலித் துப்பாக்கியாகவே இருந்தாலும் ஆள் இருக்கிற பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவர் இடது பக்கம் உட்கார்ந்ததால், நான் துப்பாக்கியைத் திருப்பி, குழல் வலது பக்கம் பார்க்கிற மாதிரி வைஸில் மாட்டினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பாலம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

"ரேடியோவுல கேட்டேன்."

"அடுத்தது இன்னும் தூரம். அஞ்சு வருஷ வேலை. வரேனா வரலையான்னு திங்கக்கிழம சொல்லணும்."

"ஓ."

"இல்லேன்னா இங்க ஆபீஸ்லயே ஒரு எடம் இருக்கு. வரைபடம் சரிபாக்கற வேலை."

"ஓ."

இங்கேயே இருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஐந்து வருடம்! அதற்குள் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும், அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிடும். இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் அதற்குத்தான் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு வளையங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் முடுக்குகிற ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையம் வரைக்கும் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஸ்க்ரூ துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கருஞ்சிவப்பு பாட்டிலை அவர்தான் கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தார். என் நகத்தில் கிரீஸ்தான் இருக்கும், பாலிஷ் எங்கே போடுவது. அதனால் அவர் துப்பாக்கிக்குப் போட்டேன். இப்போது பார்த்தால் கோடெல்லாம் உடைந்திருந்தது.

வளையத்தைத் திறந்தேன். உலோக வளையத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி பிளாஸ்டிக் உள்வளையம் இருக்கும். இரண்டு பாதியாக வரும். ஒரு பாதி தடிமன், ஒரு பாதி மெல்லிசு. விளிம்பில் ப்ளஸ் இருபது, மைனஸ் இருபது என்று எண் போட்டிருக்கும். பின் வளையத்தில் ப்ளஸ்ஸைக் கீழே வைத்தால் ஸ்கோப்பின் வால் தூக்கும். முன் வளையத்தில் மைனஸ்ஸைக் கீழே வைத்தால் மூக்கு தாழும். ஸ்கோப் குனிந்து பார்ப்பதால், சிலுவைக்கோட்டைப் போர்டில் நிறுத்தும்போது குழல் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். குமிழ் முட்டாது, குண்டு போய்ச் சேரும். வால் மேலே, மூக்கு கீழே. கிளப்புக்கு வருகிற எல்லாரும் இதை என் வாயால் திட்டோடு சேர்த்துக் கேட்டிருப்பார்கள். அவருக்கு இந்த செட்டை மாட்டிக் கொடுத்தவளே நான்தான்.

இப்போது ப்ளஸ் இருபது முன் வளையத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. மூக்கு மேலே, வால் கீழே. அப்பட்டமான தலைகீழ்.

"யாரு கை வெச்சது இதுல? கண்ணு பொடனியிலயா இருக்கு? எத்தன வருஷமாக் கத்தறேன், வால் எங்க இருக்கணும் மூக்கு எங்க இருக்கணும்னு! மட்டம் பாத்துத்தானே சம்பளம் வாங்கறீங்க? அந்தப் பாலமாவது நேரா நிக்குதா, இல்ல அதுவும் இந்த லட்சணந்தானா?"

"நேராத்தான் நிக்குது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

இன்னும் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். இவருக்கா தெரியாது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரே. ஒரு நூலிழை சாய்வையும் கண்ணால் கண்டுபிடிக்கிற மனுஷன், ப்ளஸ்ஸை முன்னால் வைப்பாரா? அங்கே இரண்டு பேர் இருக்கும்போது, ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கு முன்னால் வந்த இந்தச் சனிக்கிழமையில், இதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாரா? வேண்டுமென்றே மாற்றி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பார்க்க ஒரு சாக்கு!

மனக்கோட்டை கட்ட எனக்கு நேரமே ஆகவில்லை. கட்டி, உச்சியில் கொடியும் ஏற்றிவிட்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டது. குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தேன். உள்வளையங்களைத் துடைத்தேன், வைத்தேன், ஸ்கோப்பைக் கிடத்தினேன், மேல் பாதிகளை மூடி ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். குமிழை நடுவில் நிறுத்தினேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு கோட்டைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியை ஜன்னல் ஓரத்தில் மணல் பை மேல் வைத்து, முதலில் குழலுக்குள் பார்த்துப் போர்டைப் பிடிப்பேன். அப்புறம் அசையாமல் ஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். ஸ்கோப்பில் பார்க்கத் துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தை வைக்க வேண்டும். குனிந்தேன். அவர் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடம் அது. அவருடைய சோப்பு வாசனை வந்தது. மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் குளியலறையில் இல்லாத வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று நிமிர்ந்துகொண்டேன்.

"சரியா இருக்கு" என்றேன். ஸ்கோப்பில் நான் எதையும் பார்க்கவில்லை.

நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்து, ஸ்க்ரூக்களில் புதிதாகக் கோடு இழுத்தேன்.

"இது காயணும். நாளைக்குக் காலைல ரேஞ்சுல சுட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

நகப்பாலிஷ் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். "சரி" என்றார்.

தங்கையின் வீட்டில் தங்கப் போனார். இரண்டு தெரு தள்ளி. நான் வீட்டுக்கு வந்து அவர் தலையணைக்கு உறை மாற்றினேன். குளியலறையில் அவர் துண்டு தொங்கும் கொக்கியைத் துடைத்தேன். இரண்டு பேருக்குச் சமைத்தேன். எல்லாம் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாமல் எப்படி வருவார்? போன் டிங் என்றது.

"சாப்டாச்சா?"

"வாங்க" என்று அடித்தேன். அந்த மூன்று எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்தேன். "ஆச்சு" என்று அனுப்பிவிட்டு, சாப்பிடாமலேயே சமைத்ததை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை ரேஞ்சில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஆள் இல்லை. ரேடியோ தொலைநோக்கிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, கட்டையில் கன்னத்தை வைத்தார். முதலில் நூறு மீட்டர் போர்டு. அதில் சரிபார்த்துவிட்டுத்தான் தூரத்துக்குப் போவோம்.

சுட்டார்.

"அண்ணி, போர்டுல ஒண்ணுமே காணோமே" என்றாள் ரேடியோ.

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருடி."

மறுபடி சுட்டார்.

"தொடச்சாச்சு. குண்டு போர்டுக்குக் கீழ மண்ணுல விழுது. முட்டிக்கால் உயரம்கூட இல்ல."

அவர் குமிழைத் திருகினார். டிக் டிக் டிக் என்று ஏறி, டக்கென்று முட்டியது. நேற்றுக் கொண்டுவந்தபோது எப்படி இருந்ததோ அதே கதி.

நான் முட்டி போட்டு உட்கார்ந்து வளையத்தைப் பார்த்தேன். முன் வளையத்துக்குக் கீழே, விளிம்பில், ப்ளஸ் இருபது. துப்பாக்கியைத் திருப்பி மாட்டினேனே! என் இடது கைக்கு எப்போதும் மூக்கு, வலது கைக்கு எப்போதும் வால். மூக்கு வலது பக்கம் போனது கைகளுக்குத் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் ப்ளஸ்ஸை வலது பக்கமே போட்டுவிட்டன. அந்த ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி" என்றாள் ரேடியோ.

"நான் யானையா?"

"சறுக்கினத மட்டும் சொன்னேன்."

என் கையைத் தாண்டிப் போன துப்பாக்கி எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்லை. ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, நேற்று யாரைத் திட்டினேனோ அவர் முன்னாலேயே இப்படி விழுந்துகிடக்கிறேன். அவர் எழுந்து உட்கார்ந்து எண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று வருடம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன், மேல் பல்லில் கோணலாக இருக்கிற ஒன்றோடு சேர்த்து.

"நீ தப்பு பண்ண மாட்ட" என்றார், ரேடியோவுக்குக் கேட்காமல். "வேணும்னேதானே மாத்தி வெச்ச? நான் கிளம்பக் கூடாதுன்னு."

ஆமாம் என்று சொன்னால் என் வேலைக்குக் கெட்ட பேர் இல்லை, ஆனால் வீம்பு போய்விடும். இல்லை என்று சொன்னால் வீம்பு நிற்கும், பேர் போய்விடும். எதை விடுவது? எனக்கு இரண்டும் உயிர். மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். சண்டைக்குப் போனேன்.

"நீங்க மட்டும் என்னவாம்? வேணும்னு மாத்தி வெச்சுத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே முதல்ல!"

அவர் சிரிப்பு நின்றது. "நான் எங்க மாத்தினேன்? மழைக்கு முன்னாடி அங்க ஒருத்தர்கிட்ட தொடைச்சு எண்ணெய் போடக் குடுத்தேன். அவர் கழட்டி மாட்டினது அது."

கோட்டை கொடியோடு சரிந்தது. ரிப்பேர் என்று வந்திருக்கிறார், ரிப்பேருக்குத்தான் வந்திருக்கிறார். இதற்கா தலையணை உறை மாற்றினேன்? இதற்கா இரண்டு பேருக்குச் சமைத்தேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. துப்பாக்கியைப் பிடித்து இழுத்தேன்.

"குடுங்க. இப்பவே சரி பண்ணித் தரேன். பஸ்ஸப் புடிச்சுப் போய் உங்க பாலத்தக் கட்டுங்க. அஞ்சு வருஷம் என்ன, அம்பது வருஷம் கட்டுங்க."

அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார். "ப்ளஸ் முன்னாடி இருந்துது."

"பாத்துட்டு?"

"பெட்டிய மூடி வெச்சுட்டேன்."

"ஏன், சரி பண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். எட்டு ஸ்க்ரூ." புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சரி பண்ணிட்டா, அப்புறம் எத எடுத்துட்டு உன்கிட்ட வர்றது?"

இந்த மனுஷனை என்ன செய்வது?

"மழை முடிஞ்சு எத்தன நாளாச்சு. அப்பவே வந்திருக்கலாமே."

"நீ கூப்பிடுவன்னு பாத்தேன். திங்கக்கிழம கிட்ட வந்துடுச்சு, கூப்பிடல. அதான் நானே வந்தேன்."

"என்ன அங்க ரகசியம்?" என்று ரேடியோ கத்தினாள். "சுட்டு முடிச்சுட்டு அப்புறம் கொஞ்சிக்கோங்க!"

"நீ சும்மா இருடி!" என்றேன். "கொஞ்ச நேரம் வாய மூடேன்" என்று அவரும் அதே சமயத்தில் சொன்னார்.

அவர் பாதி வழி வந்துவிட்டார். அதற்கு மேல் அவரால் முடியாது, அது எனக்குத் தெரியும். மிச்சத்தை நான்தான் நடக்க வேண்டும். பேர் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான் வேணும்னு மாத்தல. தப்புதான் பண்ணினேன். உங்க ஸ்டூல்ல பெட்டி இருந்துதா, அதனால நீங்க அந்தப் பக்கம் உக்காந்தீங்க. அதனால துப்பாக்கியத் திருப்பி மாட்டினேன். கை மட்டும் பழைய பக்கமே போட்டுடுச்சு."

"ஜன்னல்ல வெச்சுப் பாத்தியே?"

"எங்க பாத்தேன். கட்டையில உங்க சோப்பு வாசன வந்துது. பாக்க முடியல."

அவர் என்னையே பார்த்தார்.

"பெட்டிய எதுக்கு என் ஸ்டூல்ல வெச்ச?"

"வேற யாரும் உக்காரக் கூடாதுன்னுதான்!" கத்திவிட்டேன். தூரப் போர்டு வரைக்கும் கேட்டிருக்கும். ரேடியோ தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். பரவாயில்லை என்று மிச்சத்தையும் சொன்னேன். "இப்பக் கூப்பிடறேன். வீட்டுக்கு வாங்க. அந்தப் பாலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க இல்லாம எனக்கு அந்த வீடு பிடிக்கல. இதுக்கு மேல எனக்குக் கூப்பிடத் தெரியாது."

"ம்" என்றார். எழுந்து பாயைச் சுருட்டினார். சுருட்டியவர் அதைப் பிரித்துவிட்டு மறுபடி சுருட்டினார்.

ரிப்பேர் அறைக்கு வந்ததும் அவர் வலது பக்கம் போனார். எண்ணெய் டப்பாக்களை இறக்கினார். துணிகளை இறக்கினார். ஸ்க்ரூ பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். அலமாரி காலியாகத்தான் இருந்தது. ஸ்டூலைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் குழலை இடது பக்கம் பார்க்க வைத்து மாட்டினேன். உள்வளையத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். ப்ளஸ் பின்னால் கீழே, மைனஸ் முன்னால் கீழே. ஜன்னலில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். தேவைக்குமேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

மதியம் தூரப் போர்டில் சுட்டார். குமிழ் முட்டவில்லை. ரேடியோ எழுந்து நின்று கத்தியதில் மண்மேட்டிலிருந்த பறவையெல்லாம் பறந்தன. சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார். அடுத்த பாலத்துக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும், கருவிகளையெல்லாம் அடுத்தவரிடம் கணக்காக ஒப்படைக்க வேண்டும், அந்த அறையைக் காலி பண்ண வேண்டும். துப்பாக்கியை என்னிடமே விட்டுப் போனார்.

ஒப்படைக்கிற வேலை இழுத்துக்கொண்டே போகிறது. அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லையாம். தினமும் சாயங்காலம் "சாப்டாச்சா?" என்று வருகிறது. "இல்ல. சீக்கிரம் வாங்க" என்று அனுப்புகிறேன். இப்போது காத்திருப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது, வருவார் என்று தெரிந்துவிட்டதே. துப்பாக்கியை எதற்காவது அலமாரியிலிருந்து எடுப்பேன். துடைக்க ஒன்றும் இருக்காது, இருந்தாலும் துடைப்பேன். கட்டையில் சோப்பு வாசனை குறைந்துகொண்டே வருகிறது.

வலது பக்க ஸ்டூல் மேல் இப்போது பெட்டி எதுவும் இல்லை. காலியாகத்தான் கிடக்கிறது. யாராவது உட்கார வந்தால் வாயால் விரட்டிவிடுகிறேன். நேற்று அந்த வக்கீல் வந்தார். "காலியாத்தானேம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "ஆள் இருக்கு."